நின்ற வண்டியின் சத்தம்

மிதுன், கனிகா, ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படிக்க வேண்டும். புரியாத இடத்தில் அம்மாவைக் கேளுங்கள். இதில் பாதி அம்மாவுக்குத் தெரியும். மீதிப் பாதியை அவளும் இதில்தான் படிக்கப்போகிறாள்.

கனிகா, நேற்று போனில் நீ கேட்ட கேள்விக்கு என்னால் வாயால் பதில் சொல்ல முடியவில்லை. "ஆண்டு விழாவுக்கு எல்லாரு அப்பாவும் வருவாங்க. நீங்க ஷெட்ல சும்மாதான இருக்கறீங்க. ஒரு மணி நேரம் பஸ்ஸு. ஏன் வரமாட்டீங்க?" என்று கேட்டாய். அப்புறம் போனை வைத்துவிட்டாய். நீ கேட்டதில் தப்பே இல்லை கண்ணு. நான் ஷெட்டில் சும்மாதான் இருக்கிறேன். இப்போதுகூட கேபினில் உட்கார்ந்து, லோடு சீட்டு வைக்கும் அட்டையை மடியில் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. டெல்லிக்கு ஓடும் வண்டிக்கு ரெண்டு டிரைவர். போய்த் திரும்பப் பதினாலு, பதினைந்து நாள் ஆகும். வந்து அடுத்த லோடு ஏறும்வரை ரெண்டு நாளோ மூன்று நாளோ ஓய்வு கிடைக்கும். அந்த நாட்களில் ரெண்டு பேரும் ஒன்றாக வீட்டுக்குப் போக முடியாது. பனியன் கம்பெனிக்காரர்கள் எப்போது 'சரக்கு ரெடி, வண்டியை அனுப்பு' என்பார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. அதனால் ஒருத்தர் வண்டியிலேயே இருந்தாக வேண்டும். "ஒருத்தரு ஊட்டுக்கு, ஒருத்தரு வண்டிக்கு" என்பார் மேனேஜர். இந்த ட்ரிப் இவர் போனால் அடுத்த ட்ரிப் அவர்.

இந்தத் தடவை என் முறை வண்டிக்கு. என்னோடு ஓட்டுகிறவருக்கு வீட்டில் ரெண்டு மாதக் கைக்குழந்தை. அவர் போயிருக்கிறார்.

இதை நான் ஒழுங்காகக் கடைப்பிடிக்க ஆரம்பித்து ரெண்டு வருஷம்தான் ஆகிறது. அதற்கு முந்தைய நாலு வருஷமும் ஒவ்வொரு ட்ரிப்புக்கும் நான்தான் வீட்டுக்கு வந்தேன். கனிகாவுக்கு முதல் பல் விழுந்த அன்று நான் வீட்டில் இருந்தேன். மிதுன் சைக்கிள் பழகிய மூன்று நாளும் பின்னால் ஓடி வந்தது நான்தான். நம் தெருவில் லாரி ஓட்டுகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் யாருக்கும் அப்படி அமையவில்லை. உங்களுக்கு அமைந்தது, ஒருவர் நாலு வருஷமாக வண்டியிலேயே இருந்ததால்தான். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயரை எழுதமாட்டேன். அவர் மகள் திருப்பூரிலேயே வேலை பார்க்கிறாள். இந்தத் தாள் யார் கைக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்.

நீங்கள் அவரைப் பார்த்ததில்லை. ஆனால் அவர் வாங்கிக் கொடுத்த நாக்பூர் ஆரஞ்சை நிறையத் தின்றிருக்கிறீர்கள்.

வீரபாண்டியில் நான் டெம்போ ஓட்டிக்கொண்டிருந்த சாயப்பட்டறையை மூடிவிட்டார்கள். அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. ஹெவி லைசென்ஸ் கையில் இருந்ததே தவிர, பெரிய வண்டியைத் தனியாக ஒரு ஊர்கூடத் தாண்டி ஓட்டியதில்லை. இந்த ஷெட்டுக்கு வேலை கேட்டு வந்தபோது மேனேஜர் என்னை அவரிடம் ஒப்படைத்தார். அவர் என்னைவிட நாலு வயது சின்னவர். தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வாங்க அண்ணாச்சி" என்றார். கற்றுக்கொடுக்கிறவர் என்னை அண்ணாச்சி என்கிறார், கற்றுக்கொள்கிற நான் அவரைத் தம்பி என்று கூப்பிட முடியாது. கடைசிவரை 'ஏனுங்க' என்றே கூப்பிட்டுக் காலம் தள்ளினேன்.

முதல் ட்ரிப்பில் ஓசூர் தாண்டும்வரை ஸ்டியரிங்கைத் தொடவே விடவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, ரோட்டில் என்ன தெரிகிறதோ அதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வர வேண்டும் என்றார். வாய் ஓடினால் கண் மூடாது என்பது அவர் கணக்கு. நானும் சொல்லிக்கொண்டே வந்தேன். பாலம் வருதுங்க. வளைவு வருதுங்க. எதுத்தாப்புல மாடு ஒண்ணு வருதுங்க.

"அண்ணாச்சி, மாட்டுக்கு எதுக்கு மரியாத? 'மாடு'ன்னு சொன்னா போதாதா? நீங்க 'வருதுங்க'ன்னு முடிக்கதுக்குள்ள அது நம்ம பம்பர்ல வந்து உக்காந்துரும்."

அதிலிருந்து அவர் வண்டியில் எனக்கு 'ங்க' இல்லை. மாடு. லாரி. ஸ்கூல் பிள்ளைங்க. டைவர்சன். இப்போதும் தனியாக ஓட்டும்போது என் வாய் அப்படியே முணுமுணுக்கும்.

அவர் கிறிஸ்தவர். வண்டியின் நெற்றியில் பெரிய முருகன் படம். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குழைப்பதும் அவர்தான், டயருக்கு எலுமிச்சம்பழம் வைப்பதும் அவர்தான். ஷெட்டில் யாராவது சீண்டினால், "நான் வேதக்காரன், வண்டி முருக பக்தன். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் மாத்தப் பாக்கதில்ல, அதான் சண்டையில்லாம ஓடுது" என்பார். சிரிக்காமல் சொல்வார். சிரிக்கிறது எல்லாம் நாங்கள்தான்.

முதல் ட்ரிப் முடிந்து ஷெட்டுக்குத் திரும்பிய அன்று, யார் வீட்டுக்கு, யார் வண்டிக்கு என்று எப்படிக் கேட்பது என்று தயங்கி நின்றேன். புதுசாக வந்தவன் நான், இருக்க வேண்டியதும் நான்தான் என்று நினைத்திருந்தேன். அவரே என் பையை எடுத்துக் கையில் கொடுத்தார்.

"நீங்க போங்க அண்ணாச்சி. சின்னப் பிள்ளைய வச்சிருக்கிய."

அடுத்த ட்ரிப்பும் அதையேதான் சொன்னார். அதற்கு அடுத்ததும். ரெண்டு மூன்று தடவை, "இந்தவாட்டி நீங்க போங்க" என்று நானும் சொல்லிப் பார்த்தேன். "எனக்கு என்ன, ஊடு இந்தா இருக்கு, நினைச்சா போயிருவேன்" என்று எங்கள் பேச்சையே எனக்குத் திருப்பிச் சொல்லிக் கிண்டல் செய்வார். அப்புறம் நான் கேட்பதை விட்டுவிட்டேன். எப்போது விட்டேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. நமக்குச் சாதகமான ஒரு வழக்கம் எந்த நாளில் ஆரம்பித்தது என்று யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும்?

வீடு உண்மையிலேயே பக்கம்தான். ஷெட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள், ஒரு லைன் வீடு. ஒரே அறை. மனைவி பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒரே மகள், அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். ஓய்வு நாட்களில் பகலில் எப்போதாவது அங்கே போய்வருவார். குளித்துச் சாப்பிட்டுவிட்டு, மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் கையில் பழத்தைக் கொடுத்துவிட்டு, பொழுது சாயும் முன் ஷெட்டுக்குத் திரும்பிவிடுவாராம். இதெல்லாம் நான் பிற்பாடு தெரிந்துகொண்டது.

நான் முதலில் கண்ணால் பார்த்தது வேறு. ஒருநாள் வீட்டிலிருந்து காலையிலேயே கிளம்பி ஷெட்டுக்கு வந்துவிட்டேன். ஒன்பது மணி இருக்கும். எங்கள் வண்டி மட்டும் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. லோடு வந்துவிட்டதாக்கும் என்று ஓடிப்போய்ப் பார்த்தால், அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தார். வலது கால் ஆக்சிலரேட்டரில். கொஞ்சம் மிதிக்கிறார், கொஞ்சம் விடுகிறார்.

"நாக்பூர் தாண்டியாச்சு பிள்ள. ஆமா, வெயிலு. சாப்ட்டாச்சு, சாப்ட்டாச்சு. இந்தா முன்னால ஒரு ட்ரெயிலர் போறான், வைக்கேன் என்னா?"

முன்னால் ட்ரெயிலர் இல்லை. ஷெட்டின் தகரச் சுவர் இருந்தது. அதன் மேல் யாரோ துவைத்துப் போட்ட லுங்கி காய்ந்துகொண்டிருந்தது.

போனை வைத்துவிட்டு எஞ்சினை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். நான் சிரித்துவிட்டேன். இந்த மனுஷனுக்கு வேறு எங்கோ ஒரு சம்சாரம் இருக்கும்போல என்றுதான் அப்போது தோன்றியது. அவர் இறங்கி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். மேனேஜர் ஆபீஸ் ஜன்னலிலிருந்து, நிற்கிற வண்டிக்கு எதற்கு டீசல் என்று கத்தினார். "பேட்டரி சார்ஜ் ஏறணும்லா சார்" என்று குனிந்தபடியே பதில் சொன்னார்.

அப்புறம் கவனித்தேன். ஷெட்டில் இருக்கும் ஒவ்வொரு நாளும் அவர் அப்படித்தான் வீட்டுக்குப் பேசுவார். எஞ்சினை ஓடவிட்டுத்தான் பேசுவார். சில சமயம் ஹாரனும் அடிப்பார். ஒருநாள் ஜான்சி, ஒருநாள் ஹைதராபாத், ஒருநாள் அனந்தபூர். ஊர்கள் வரிசை தப்பாது. நேற்று ஜான்சி சொன்னவர் இன்றைக்கு மறந்துபோய் ஆக்ரா சொல்லமாட்டார். வண்டி எங்கே போயிருக்க வேண்டுமோ அங்கே போய்க்கொண்டே இருந்தது. நின்ற இடத்திலேயே அவர் ஒரு ட்ரிப் ஓட்டி முடித்துவிடுவார்.

ஆரஞ்சும் அப்படித்தான். நாக்பூரில் எப்போதும் ரெண்டு பை வாங்குவார். ஒன்று உங்களுக்கு, அதை என்னிடம் கொடுத்து அனுப்புவார். இன்னொன்று அவர் மகளுக்கு. பகலில் வீட்டுக்குப் போகத் தோதுப்படாத ட்ரிப்புகளில் அந்தப் பை, கேபினில் நாங்கள் படுக்கும் பெர்த்தின் தலைமாட்டிலேயே தொங்கும். அடுத்த ட்ரிப்புக்கு வண்டி ஏறும்போது தோல் சுருங்கி, கல்லுமாதிரி இறுகிக் கிடக்கும். கிருஷ்ணகிரி தாண்டி எங்காவது ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தும்போது அதைக் குப்பையில் போட்டுவிட்டு வருவார். நான் பார்த்தும் பார்க்காததுமாக இருப்பேன்.

நான் வீட்டிலிருந்து திரும்பி வந்ததும் அவர் கேட்பது ஒரே கேள்விதான். என்ன சொன்னா சின்னவ? வெறுமனே 'நல்லா இருக்கா' என்றால் விடமாட்டார். என்ன சொன்னாள், அதற்கு நான் என்ன சொன்னேன், அப்போது பையன் எங்கே இருந்தான், எல்லாம் சொல்ல வேண்டும். கனிகா, உன் பல்லை ஓட்டின் மேல் எறிந்தது, அது உருண்டு திரும்பி உன் காலடியிலேயே விழுந்தது, நீ அழுதது, எல்லாம் அவருக்குத் தெரியும். அதை என்னிடம் மூன்று தடவை சொல்லவைத்துக் கேட்டார். மூன்றாவது தடவை நான் ஒரு இடத்தை விட்டுவிட்டேன். "அம்மா வெளக்கமாத்தோட வந்தத சொல்லலியே" என்று எடுத்துக்கொடுத்தார்.

எனக்கு அப்போதே ஒரு மாதிரி இருந்தது. நம் வீட்டில் நமக்குத் தெரியாமல் ஒரு ஆள் மூலையில் உட்கார்ந்திருப்பதுபோல.

ஏன் வீட்டில் தங்குவதில்லை என்று அவர் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். ஆந்திராவில் ஒரு இடத்தில் பின் டயர் வெடித்து, ஸ்டெப்னி மாற்றிவிட்டு, புளியமர நிழலில் உட்கார்ந்திருந்தோம். கையெல்லாம் கரி. அவரே ஆரம்பித்தார்.

மகள் எட்டாவது படித்தபோது நடந்தது. ஒரு ட்ரிப் முடித்து, பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்குப் போயிருக்கிறார். சாப்பிட்டு முடித்ததும் மகள் எழுந்தாள். மூலையிலிருந்த தன் தலையணையையும் போர்வையையும் சுருட்டிக்கொண்டாள். அம்மாவிடம் தலையை ஆட்டினாள். பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரே அறை. வயசுக்கு வந்த பிள்ளை. அப்பா வந்தால் அவள் பக்கத்து வீட்டு அக்காவோடு படுத்துக்கொள்ள வேண்டும் என்று அம்மா பழக்கியிருந்தாள். அதில் யாருக்கும் ஒரு வருத்தமும் இல்லை.

"ஒரு வார்த்த சொல்லல அண்ணாச்சி. மூஞ்சி சுளிக்கல. தலாணிய எடுத்தா, போயிட்டா. அதுவரைக்கும் நான் வந்தா பிள்ளைக்கு சந்தோசம்னுதான் நினச்சிட்டு இருந்தேன். அன்னைக்குதான் தெரிஞ்சுது, நான் வந்தா அவளுக்கு வீடு இல்ல."

பெரிய வீடாகப் பார்க்கலாமே என்றேன். திருப்பூரில் வாடகை தெரியாதா என்றார். அப்புறம் எழுந்து, டயர் நட்டு ஒவ்வொன்றையும் மறுபடி முறுக்கிப் பார்த்தார். அதன்பிறகு அவர்கள் வீட்டில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தது இதுதான்: இந்தக் கம்பெனியில் ஓய்வே கிடையாது, வண்டி வந்த அன்றே திரும்பிவிடும், அப்பா பாவம்.

இதைக் கேட்ட பிறகாவது நான் ஏதாவது செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. அடுத்த ட்ரிப் முடிந்ததும் அவர் பையை எடுத்துக் கொடுத்தார், நான் வாங்கிக்கொண்டேன்.

இனி எழுதுவது அம்மாவுக்கும் தெரியாதது.

ரெண்டு வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, பகல் பதினோரு மணிவாக்கில் வண்டியை ஷெட்டில் விட்டோம். அவர் முகத்தில் என்னவோ ஒரு வித்தியாசம். என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை. வழக்கம்போல என் பையை எடுத்தார். ஆனால் கொடுக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, இந்த ஒரு தடவ நீங்க வண்டில இருப்பியளா? ஒரு ராத்திரி போதும். நாளைக்குக் காலைல நான் வந்துருவேன், நீங்க கிளம்பிரலாம்."

அவர்கள் வீடு மாறியிருந்தார்கள். மகள் ப்ளஸ் டூ முடித்து ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அம்மாவும் மகளும் சேர்ந்து ரெண்டு அறை வைத்த வீடு ஒன்று பிடித்துவிட்டார்கள். மகள் போன் செய்து, முன் அறையில் அப்பாவுக்குக் கட்டில் போட்டிருக்கிறேன், எப்படியாவது லீவு கேட்டு ஒரு நாள் தங்குகிற மாதிரி வாங்க என்று சொல்லியிருக்கிறாள். கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். கேட்க வேண்டியது கம்பெனியிடம் இல்லை, என்னிடம்.

மிதுன், கனிகா, எனக்கு அன்று வீட்டில் ஒரு வேலையும் இல்லை. ஒரு விசேஷமும் இல்லை. நாலு வருஷமாக வெள்ளிக்கிழமை வண்டி வந்தால் சாயங்காலம் நான் வீட்டில் இருப்பேன். உடம்பு அதற்குப் பழகியிருந்தது. பஸ்ஸில் ஜன்னல் ஓரம், காங்கேயத்தில் இறங்கி ஒரு டீ, அப்புறம் வீடு. அது என்னுடையது என்றே ஆகிவிட்டது. யாரோ என் சட்டைப்பையில் கைவிட்டதுபோல இருந்தது அவர் கேட்டது.

"போர் மோட்டாரு ரிப்பேருங்க. ஆளு வரச் சொல்லியிருக்கறேன். நான் இல்லைன்னா பொம்பளைக கிட்ட ஏமாத்திப்போடுவானுங்க. அடுத்தவாட்டி கண்டிப்பா நான் இருக்கறனுங்க" என்றேன்.

அம்மாவைக் கேளுங்கள். அந்த மோட்டார் இன்றுவரை ஒரு நாள்கூட ரிப்பேர் ஆனதில்லை.

"ஓ, மோட்டாரா?" என்றார். ஏதோ அவர் கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டது மாதிரி அவசரமாகச் சொன்னார். "தண்ணி இல்லாம பிள்ளைய என்ன செய்யும். நீங்க போங்க, போங்க. கட்டில் எங்க போயிரப் போவுது."

பையை அவரே பஸ் ஸ்டாப் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தார். பஸ் கிளம்பித் திரும்பும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ரோட்டோரமாக நின்று கை காட்டினார். அப்போதுதான் எனக்கு அந்த வித்தியாசம் பிடிபட்டது. அவர் புதுசாக முடி வெட்டியிருந்தார். காதோரம் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தது. வரும் வழியில் சேலத்தில் ஒரு மணி நேரம் நின்றோமே, அங்கே போய் வெட்டிக்கொண்டிருக்க வேண்டும். இறங்கியிருக்கலாம். பஸ் அடுத்த ஸ்டாப்பிலும் நின்றது. அதற்கடுத்த ஸ்டாப்பிலும் நின்றது. நான் இறங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். மீன் வாங்கிக் குழம்பு வைத்தோம். டிவியில் என்னவோ போட்டுவிட்டு நான் சோபாவிலேயே தூங்கிவிட்டேன். கனிகா என் நெற்றியில் ஸ்கெட்ச் பேனாவால் மீசை வரைந்தாள். நல்ல நாள்தான்.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு மேனேஜர் போன் செய்தார். லோடு ரெடி என்று சொல்ல ஆள் போய்க் கேபின் கதவைத் தட்டியிருக்கிறான். எழுந்திருக்கவில்லை. பெர்த்தில் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்தபடியே இருந்தாராம். விடியற்காலையிலேயே போயிருக்கும், இதயம் என்று டாக்டர் சொன்னார்.

அம்மாவும் நானும் பைக்கில் போனோம். உங்களை அம்மாயி வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். அவர்கள் புது வீட்டுக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. சின்ன வீடுதான். ஆனால் ரெண்டு அறை. முன் அறையில் இரும்புக் கட்டில். மெத்தையைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. அவரை அந்தக் கட்டிலில் கிடத்தவில்லை. பெட்டியில் வைத்துக் கீழே பெஞ்சின் மேல் வைத்திருந்தார்கள். கட்டில்மேல் அக்கம்பக்கத்துப் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் அசையும்போதெல்லாம் அந்தப் பிளாஸ்டிக் சத்தம் போட்டது.

அவர் மகளையும் அப்போதுதான் முதலில் பார்த்தேன். நான் யார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அழுது முடித்த முகம். என் பக்கத்தில் வந்து நின்றாள். ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"அங்கிள், வண்டி எப்ப வந்துச்சு?"

நான் பெட்டிப் பக்கம் திரும்பினேன். அவளே தொடர்ந்தாள்.

"வெள்ளிக்கிழம சாயங்காலம் பேசினாங்க. ஹைதராபாத் தாண்டிட்டோம், லீவு கிடைக்கலன்னாங்க. சனிக்கிழமயும் பேசினாங்க. வண்டி சத்தம் கேட்டுச்சு. நீங்க கூடத்தான இருந்தீங்க?"

என் பக்கத்தில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்கு டீ போட்டுக் கொடுத்தவள்.

மேனேஜர் வாசலில் நின்றார். எங்களைப் பார்த்தவர் தலையைத் திருப்பிக்கொண்டார். உண்மையைச் சொன்னால் இந்தப் பிள்ளை அடுத்துக் கேட்கப்போவது ஒன்றுதான்: பக்கத்திலேயே இருந்தும் ஏன் வரவில்லை? அதற்கு நான் தலையணைக் கதையைச் சொல்ல வேண்டும். எட்டாவது படிக்கும்போது அவள் எடுத்துக்கொண்டு போன தலையணையை இன்றைக்கு அவள் தலையில் வைக்க வேண்டும். அல்லது அதைத் தாண்டி, இந்தத் தடவை அவர் வரத்தான் கேட்டார், நான்தான் விடவில்லை என்று சொல்ல வேண்டும். அவளுக்காகப் பொய் சொன்னேனா, எனக்காகச் சொன்னேனா என்று இன்றுவரை எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

"இன்னைக்கு வெடியால நேரத்துலதாம்மா வந்தோம். ரொம்ப அசதியா இருக்குதுன்னு அப்படியே படுத்தாருங்க" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "வந்ததும் எனக்குப் போன் பண்ணியிருந்தா நான் ஸ்கூட்டில வந்து கூட்டிட்டு வந்திருப்பேன்" என்றாள். என்னிடம் சொன்னாளா, பெட்டியைப் பார்த்துச் சொன்னாளா தெரியவில்லை.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எழுதமாட்டேன். திரும்பி வரும்போது அவிநாசிபாளையம் வரை பைக்கின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அப்புறம் கேட்டாள்.

"அந்தப் புள்ளைகிட்ட ஏனுங்க பொய் சொன்னீங்க?"

"அவரு சொல்லி வெச்சதைத்தான் நானும் சொன்னேன்."

"அவரு சொன்னது அவரோட போச்சுங்க. நீங்க சொன்னது இனி உங்க கூடத்தான இருக்கும்."

அவள் சொன்னபடிதான் ஆகியிருக்கிறது. ரெண்டு வருஷத்தில் அந்தப் பெண்ணை ரெண்டு முறை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ஸ்கூட்டியில் போய்க்கொண்டிருந்தாள். ரெண்டு முறையும் நான் கடை ஓரமாக ஒதுங்கிக்கொண்டேன். ஒருநாள் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். எதைச் சொல்வது, எதை விடுவது என்றுதான் தெரியவில்லை. நீங்கள் பெரியவர்களாகி இதை மறுபடி படித்துவிட்டு என்னிடம் ஒரு வழி சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

கனிகா, ஆண்டு விழாவுக்கு நான் வராததற்கு இதுதான் காரணம். உன்மேல் பாசம் இல்லாமல் இல்லை. இந்த முறை நான் வீட்டுக்கு வந்தால், வேறொரு வீட்டில் ஒருவர் இருக்க மாட்டார். அதைத் தெரிந்துகொண்டே ஒரு தடவை செய்துவிட்டேன். இன்னொரு தடவை முடியாது கண்ணு. விழாவில் நீ ஆடுவதை அம்மாவைப் போனில் பிடிக்கச் சொல். அடுத்த ட்ரிப் முறை எனக்கு. வந்ததும் நீ நேரிலேயே ஆடிக் காட்டு.

இன்னும் ஒன்று எழுதிவிட்டு முடிக்கிறேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அவரை அடக்கம் செய்த நாலாவது நாள், புதுசாக ஜோடி டிரைவர் கிடைக்கும்வரை வண்டியோடு இருக்கச் சொல்லி என்னை ஷெட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பகல் நேரம். மேனேஜர் டீ குடிக்கப் போயிருந்தார். என் பைக் பக்கத்திலேயே நின்றது, ஆனால் நான் அதை எடுக்கவில்லை. போனில் மணியைப் பார்த்தேன். பதினொன்று அஞ்சு. ஷெட் கேட்டைத் தாண்டி நடக்க ஆரம்பித்தேன். பேக்கரி, எடை மேடை, ஹிந்திக்காரப் பையன்கள் தங்கியிருக்கும் நீளக் கட்டடம், நூல் குடோன், பாதி மூடிய சாக்கடைப் பாலம். வேகமாக நடக்கவில்லை. அசதியாக வரும் ஒரு ஆள் எப்படி நடப்பாரோ அப்படி நடந்தேன். ஒரு இடத்தில் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுத்தது, அது போகும்வரை ஒதுங்கி நின்றேன். தெரு முனைக்கு வந்ததும் அவர்கள் புது வீட்டுக் கதவு தெரிந்தது. பூட்டியிருந்தது. ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருப்பார்கள்.

மறுபடியும் மணியைப் பார்த்தேன். பதினொன்று முப்பத்தாறு. அவர் நடந்திருந்தால் முப்பத்தொரு நிமிஷம்.

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வந்த வழியே ஷெட்டுக்குத் திரும்பி நடந்தேன்.